ட்ரையல் ஆபீசை எடுத்துவிட்டுப் பழைய ஆபீசுக்குத் திரும்பினேன், ஃபைல்கள் சரியாகத் திறக்கவில்லை. என்ன செய்வது?

நீங்கள் சொல்வது இதுதான்: புது லேப்டாப்போடு மைக்ரோசாஃப்ட் 365 ஒரு மாத ட்ரையலாக வந்தது, அதில் வேலை பார்த்தீர்கள், மாதம் முடிந்ததும் பணம் கட்டாமல் அதை எடுத்துவிட்டுக் கையில் இருந்த ஆபீஸ் 2010-ஐப் போட்டீர்கள். இப்போது அந்த மாதம் செய்த ஃபைல்களில் சில திறக்கவே இல்லை, எக்செல் கணக்கு உளறுகிறது, வேர்டில் தமிழ் எழுத்தும் பக்கமும் கலைந்து கிடக்கின்றன. ஃபைல் போச்சா என்று கேட்கிறீர்கள்.

போகவில்லை. ட்ரையல் முடிந்தால் திருத்துகிற வசதிதான் நிற்கும், ஃபைலுக்குள் யாரும் கை வைப்பதில்லை. ஆனால் இப்போதே ஒன்று செய்யுங்கள்: அந்த மாதத்து ஃபைல்களை எல்லாம் தனி ஃபோல்டரில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள், அசலை 2010-இல் திறந்து சேவ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பழைய ஆபீசுக்குப் புரியாத விஷயங்கள் சிலசமயம் அந்த சேவில்தான் காணாமல் போகும்.

பாளையங்கோட்டையில் டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் கலந்த கடை வைத்திருக்கிறேன். இங்கே தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடம், அதனால் கொஸ்டின் பேப்பரோடு பென்டிரைவை நீட்டுகிற டீச்சர்கள் அதிகம். வீட்டில் புது லேப்டாப், கடையிலோ ஸ்கூலிலோ பழைய ஆபீஸ் என்று உங்களுடைய இதே பிரச்சினை வாராவாரம் வரும்.

முதலில் ஒரு தவறான யோசனையைத் தள்ளிவிடலாம். "பழைய ஆபீஸ் என்றால் எல்லாவற்றையும் 97-2003 ஃபார்மேட்டில் மாற்று" என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். வேர்டின் டாக்எக்ஸ், எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்ற ஃபார்மேட்டுகள் 2007 ஆபீசிலேயே வந்துவிட்டன, 2010-க்கு அவை சொந்த ஃபார்மேட். தேவையில்லாமல் பழைய ஃபார்மேட்டுக்கு இறக்கினால்தான் நஷ்டம்: வேர்டில் போட்ட கணக்குச் சமன்பாடுகள் வெறும் படமாகிவிடும், எக்செல் ஷீட்டில் 65,536 வரிசைக்குக் கீழே இருப்பது வெட்டுப்படும் (புது ஃபார்மேட்டில் 10,48,576 வரிசை வரை உண்டு). ஃபைல் வாங்குகிறவரிடம் 2003 ஆபீஸ் இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். ஃபைல் பெயரின் கடைசி எழுத்தை மட்டும் அழித்து மாற்றினால் ஃபார்மேட் மாறிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. அது மாறாது.

ஃபார்மேட் ஒன்றுதான் என்றால் தகராறு எங்கே? உள்ளே இருக்கிற சரக்கில். 2010 வந்தபோது இல்லாத வசதிகளை 365-இல் உங்களை அறியாமலே பயன்படுத்தியிருப்பீர்கள், எக்செலில்தான் இது வகையாக மாட்டும்.

போன கோயில் கொடைத் திருவிழா சமயத்தில் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து கோயில் கணக்குப் பார்க்கிற அண்ணாச்சி ஒருவர் வந்தார். தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கட்டுவது) லிஸ்ட், யார் கட்டினார்கள், யார் பாக்கி என்று அவருடைய மகன் வீட்டு லேப்டாப்பில் எக்ஸ்லுக்அப் ஃபார்முலா (பெயரைக் கொடுத்தால் அதற்கு நேரான தொகையைத் தேடி எடுப்பது) போட்டு அழகாகச் செய்து கொடுத்திருந்தான். எங்கள் கடையின் பழைய மெஷினில் திறந்தபோது எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஒரு பெயரைத் திருத்தினார், அந்த வரியில் தொகை இருந்த இடத்தில் ஹேஷ் குறி போட்டு நேம் என்று கேள்விக்குறியோடு வந்து நின்றது. அதற்கு மேல் இரண்டு திருத்தம், மேலும் இரண்டு வரி போச்சு. "என்னல இது, தொட்டா தொட்ட இடம் போகுது" என்று கையை எடுத்துவிட்டார்.

காரணம் இதுதான். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலில் ஃபார்முலாவும் இருக்கும், கடைசியாகக் கணக்குப் போட்ட விடையும் கூடவே இருக்கும். பழைய எக்செல் திறந்தவுடன் அந்த விடையைத்தான் காட்டுகிறது. அந்தக் கட்டத்தையோ அது நம்பியிருக்கிற கட்டத்தையோ தொட்டால் திரும்பக் கணக்குப் போடப் பார்க்கும், எக்ஸ்லுக்அப் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது, கையை விரித்துவிடும். ஃபார்முலா பாரில் பெயருக்கு முன்னால் எக்ஸ்எல்எஃப்என் என்று ஒரு ஒட்டு தெரிந்தால் அது புது எக்செலின் ஃபார்முலா என்று புரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்லுக்அப் மட்டுமில்லை, ஃபில்டர், யூனீக், டெக்ஸ்ட்ஜாயின், ஐஎஃப்எஸ் எல்லாம் இந்தக் கூட்டம்தான். 2010 மட்டும் என்று இல்லை, 2016, 2019 எக்செலிலும் எக்ஸ்லுக்அப் கிடையாது, 2021-இல்தான் உண்டு.

உங்களுக்கு விடை மட்டும் போதுமென்றால், காப்பி ஃபைலை 2010-இல் திறந்து, எதையும் தொடாமல் அந்தக் கட்டங்களை காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் கொடுங்கள். எண்கள் நிற்கும், ஃபார்முலா போய்விடும். ஃபார்முலா வேண்டுமென்றால் ஃபைலை மைக்ரோசாஃப்டின் நெட் சேமிப்பான ஒன்டிரைவில் ஏற்றி, பிரவுசரிலேயே ஓடுகிற இலவச எக்செலில் திறங்கள். ட்ரையல் முடிந்தாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இருந்தால் அது வேலை செய்யும், எக்ஸ்லுக்அப்பும் அதில் ஓடும். அங்கேயே அதை 2010-க்கும் தெரிந்த இண்டெக்ஸ், மேட்ச் இரண்டையும் சேர்த்த ஃபார்முலாவாக மாற்றி எழுதி, விடை ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்து, டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். அதற்குப் பதில் பழைய தேடும் ஃபார்முலாவான விலுக்அப் போடுகிறவர்கள் கடைசியில் ஃபால்ஸ் கொடுக்க மறக்கக் கூடாது. எக்ஸ்லுக்அப் தானாகவே சரியான பொருத்தத்தைத்தான் தேடும், விலுக்அப் சொல்லாவிட்டால் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக்கொண்டு வரும், தவறு என்று கண்ணுக்கே தெரியாது. (இரண்டுமே முதலில் கிடைக்கிற பெயரோடு நின்றுவிடும் என்பது வேறு. நம் பக்கத்து வரி லிஸ்டில் இசக்கிமுத்து எத்தனை பேர், சுடலைமுத்து எத்தனை பேர்! பெயரை வைத்துத் தேடாமல் ஆளுக்கொரு நம்பர் கொடுத்துத் தேடுங்கள். அண்ணாச்சிக்கும் அதைத்தான் செய்து கொடுத்தேன்.)

அடுத்து, திறக்கவே திறக்காத ஃபைல்கள். இதில் நிறைய ஃபைல்களில் குறையே இருக்காது. ட்ரையலை எடுத்த பிறகு டபுள் கிளிக் செய்தால் எந்த புரோகிராமில் திறப்பது என்று விண்டோஸ் முழிக்கும். ரைட் கிளிக், ஓபன் வித் போய் 2010 வேர்டைக் காட்டி, எப்போதும் இதையே பயன்படுத்து என்று டிக் செய்துவிடுங்கள். மெயிலில் வந்த ஃபைல் "கரப்ட்" என்று சொன்னால் பயப்படாமல் ப்ராப்பர்டீஸ் போய், கீழே அன்பிளாக் என்று இருந்தால் டிக் செய்து திரும்பத் திறந்து பாருங்கள், பல ஃபைல் இதிலேயே சரியாகிவிடும். இன்னொன்று, ஐகான் பக்கத்தில் மேகம் மாதிரி படம் இருந்தால் அந்த ஃபைல் உங்கள் லேப்டாப்பிலேயே இல்லை, ஒன்டிரைவில் இருக்கிறது. நெட்டைப் போட்டு எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள், அதுவும் சீக்கிரம், ஏனென்றால் 365-இல் இருந்தபோது கிடைத்த 1 டிபி இடம் இனி இல்லை, இலவசக் கணக்குக்கு 5 ஜிபிதான். இவ்வளவும் செய்து அசையாத டாக்எக்ஸ் ஃபைல் இருந்தால், அதன் காப்பியின் பெயரில் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறங்கள். டாக்எக்ஸ் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம்தான். உள்ளே வேர்டு என்ற ஃபோல்டரில் மீடியா என்று இருக்கும், படங்களாவது முழுசாகக் கிடைக்கும்.

இனி வேர்டில் பக்கம் கலைவது. 2023-இலிருந்து 365-இல் நாம் எதுவும் மாற்றாவிட்டால் வரும் ஃபான்ட் ஆப்டோஸ். அதற்கு முன் கலிப்ரி. உங்கள் 2010-இல் ஆப்டோஸ் இல்லை, வேறு எதையோ போட்டு ஒப்பேற்றும், எழுத்தின் அகலம் மாறும், இரண்டு பக்கத்தில் முடிந்த கொஸ்டின் பேப்பர் மூன்றாம் பக்கத்துக்குப் போய் ஒற்றை வரியில் நிற்கும். ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போனால் ஃபான்ட் சப்ஸ்டிட்யூஷன் என்று ஒரு பட்டன் இருக்கிறது, எந்த ஃபான்ட் இல்லை, அதற்குப் பதில் எது வந்திருக்கிறது என்று அதில் பட்டியலே கிடைக்கும்.

தமிழுக்கு இது இன்னும் ஒரு படி மேலே. யூனிகோடில் அடித்த தமிழ் என்றால் ஃபான்ட் இல்லாவிட்டாலும் தமிழாகத்தான் தெரியும், அழகு மட்டும் மாறும். லதா ஃபான்ட்டில் அடித்திருந்து அது காணவில்லை என்றால், விண்டோஸ் 10-இலும் 11-இலும் அது தானாக வருவதில்லை, செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்பதைச் சேர்க்க வேண்டும், லதாவும் விஜயாவும் அதில் இருக்கின்றன. பாமினியில் அடித்தது என்றால் கதை வேறு. அது ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய ஃபான்ட், அந்த ஃபைலை பாமினி இல்லாத மெஷினில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான். மேட்டர் பத்திரமாகவே இருக்கிறது, பாமினியை இன்ஸ்டால் செய்தால் உயிர் வந்துவிடும். அதுவரை கண்ட்ரோல் ஏ கொடுத்து வேறு ஃபான்ட்டுக்கு மட்டும் மாற்றிவிடாதீர்கள், இடையில் உண்மையிலேயே ஆங்கிலமாக இருந்த வரிகளும் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

பவர்பாயிண்டில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஸ்லைடு அடுத்ததாக உருமாறுகிற மார்ஃப் டிரான்சிஷன் போட்டிருந்தால் பழையதில் அது சாதாரண ஃபேட் ஆகிவிடும், ஸ்லைடு ஒன்றும் கெடாது.

கடைசியாக, 2010-க்கு 2020 அக்டோபரோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. காசு போட மனமில்லை என்றால் லிப்ரே ஆபீசையும் பக்கத்தில் போட்டுவையுங்கள் என்பது என் கருத்து. இலவசம், 24.8 பதிப்பிலிருந்து எக்ஸ்லுக்அப்பும் அதில் உண்டு. அதன் ஆப்ஷன்ஸில் லோட் சேவ் பகுதிக்குள் ஜெனரல் போய், டாக்குமென்ட்டுக்கும் ஸ்ப்ரெட்ஷீட்டுக்கும் மைக்ரோசாஃப்ட் ஃபார்மேட்டையே வழக்கமான சேவாக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் லிப்ரே ஆபீசின் சொந்த ஃபார்மேட்டான ஓடிடி, ஓடிஎஸ் என்று சேவ் ஆகி, ஃபைலை வாங்குகிறவர் உங்களுக்கு போன் போடுவார். 365-ஐ இன்னும் எடுக்காமல் ட்ரையலில் சில நாள் பாக்கி இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஃபைல் மெனுவில் இன்ஃபோவுக்குள் செக் கம்பாட்டிபிலிட்டி (பழைய ஆபீசுக்கு ஒத்துவராததைக் காட்டுவது) என்று இருப்பதை முக்கியமான ஃபைல் ஒவ்வொன்றிலும் ஓட்டிப் பார்த்து, அது சொல்கிறதை அங்கேயே திருத்தி, கூடவே ஒரு பிடிஎஃப்பும் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.