நம்ம சேமிப்பு மேல நாமளே கடன் வாங்கலாமா?

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைச் சுத்தித்தான் இருக்கு. அமெரிக்காவுல கிரெடிட் யூனியன்ல (மெம்பர்களே சொந்தக்காரங்களா இருக்கற கூட்டுறவு பேங்க் மாதிரி) சேமிப்பை ஈடா வச்சு லோன் எடுத்து கிரெடிட் ஸ்கோர் ஏத்தலாமாங்கறது. எல்லாத்தையும் சேர்த்தே எழுதிடறேன், மத்த கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: அக்கா, நான் ஹெச்-4ல (வீட்டுக்காரரோட வேலை விசாவைச் சார்ந்த விசா) வந்து மூணு வருஷம் ஆச்சு. இப்பதான் வொர்க் பெர்மிட்டும் எஸ்எஸ்என்னும் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) கைக்கு வந்திருக்கு. வீட்டுக்காரருக்கு நல்ல ஸ்கோர், எனக்கு ஸ்கோரே இல்லைன்னு வருது. ஊர்ல இருந்தப்போ எனக்கு சிபில் (இந்தியாவோட கிரெடிட் ஸ்கோர்) 790, அது இங்க எதுக்குமே உதவாதா? தனியா 1,000 டாலர் சேர்த்து வச்சிருக்கேன். ஒரு கிரெடிட் யூனியன்ல ஷேர் செக்யூர்டு லோன் 3 சதவீதம்ங்கறாங்க, இன்னொரு இடத்துல கிரெடிட் பில்டர் லோன் 12 சதவீதம்ங்கறாங்க. ரெண்டும் ஒண்ணுதானே, எதை எடுக்கட்டும்?
- பெயர் வேண்டாம், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: முதல்ல சிபில் கதையை முடிச்சிடுவோம். சிபில்லுக்குச் சொந்தக்காரங்க டிரான்ஸ்யூனியன், இங்க கடன் விவரங்களைச் சேர்த்து ரிப்போர்ட் போடற மூணு பெரிய கிரெடிட் பீரோவுல ஒண்ணும் அதே டிரான்ஸ்யூனியன்தான், ஆனா உங்க ஃபைல் கடல் தாண்டி வராது. அந்த 790 சும்மா வந்ததில்ல, ஒரு தவணை கூட விடாம கட்டி வந்தது, இங்க வந்து மறுபடி பூஜ்யத்துல நிக்கறப்போ மனசு வலிக்கத்தான் செய்யும். அந்தப் பழக்கம் உங்ககிட்ட இருக்குல்ல, அது போதும், இங்கயும் வந்துடும்.

ரெண்டு லோனும் ஒண்ணு இல்லம்மா. ஷேர் செக்யூர்டு லோன்ங்கறது நம்ம ஊர்ல எஃப்டி மேல லோன் வாங்கற மாதிரி. கிரெடிட் யூனியன்ல கணக்கு வச்சிருக்கற ஒவ்வொருத்தரும் அதுல பங்குதாரர், அதனாலதான் அங்க சேமிப்புக்குப் பேரே ஷேர், அதுக்குக் குடுக்கற வட்டிக்குப் பேரு டிவிடெண்ட். உங்க 1,000 டாலர் அந்த சேமிப்புலயே இருக்கும், எடுக்க முடியாம பிடிச்சு வச்சுப்பாங்க, அதே அளவு காசை லோனா உங்க கையில குடுத்துடுவாங்க. மாசாமாசம் கட்டக் கட்ட பிடிச்சு வச்ச காசும் கொஞ்சம் கொஞ்சமா விடுபடும். கிரெடிட் பில்டர்ல கையில காசே வராது, லோன் தொகையை அவங்களே ஒரு கணக்குல போட்டுப் பூட்டிடுவாங்க, நீங்க மொத்தத்தையும் கட்டி முடிச்சாத்தான் எடுத்துக் குடுப்பாங்க, சீட்டு கட்டிக் கடைசில எடுக்கறோமே அது மாதிரி. சேமிப்பே இல்லாதவங்களுக்கு அது நல்ல வழி, கட்டாயத்துல ஒரு தொகையும் சேர்ந்துடும். உங்ககிட்டதான் ஏற்கனவே 1,000 இருக்கே, உங்களுக்கு எதுக்கு அது.

வட்டிக் கணக்கும் பாத்துடுவோம். 1,000 டாலர், 12 மாசம், 3 சதவீதம்னா மாசம் 84 டாலர் 69 சென்ட், வருஷம் முழுக்க வட்டி 16 டாலர் சொச்சம். அதே 12 சதவீதம்னா மாசம் 88 டாலர் 85 சென்ட், வட்டி 66 டாலர். ஷேர் செக்யூர்டுல சேமிப்புக்குக் குடுக்கற டிவிடெண்டுக்கு மேல 2, 3 சதவீதம் வச்சுத்தான் பெரும்பாலும் வட்டி போடுவாங்க, பிடிச்சு வச்ச காசுக்கும் டிவிடெண்ட் வந்துட்டே இருக்கும், அதனால கையை விட்டுப் போறது இன்னும் கம்மி.

ஆனா நான் உங்ககிட்ட உண்மையா சொல்ல வர்றது வட்டியைப் பத்தி இல்ல. ரெண்டு கிரெடிட் யூனியனை ஒப்பிட உட்கார்ந்தா எல்லாரும் முதல்ல பாக்கறது வட்டியைத்தான், அதுல 10 டாலர் மிச்சம் பிடிக்கப் போயி எதுக்காக லோன் எடுத்தோமோ அதையே கோட்டை விட்டுடறாங்க. முதல் கேள்வி இதுவா இருக்கணும்: இந்த லோனை ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூணுக்கும் மாசாமாசம் ரிப்போர்ட் பண்ணுவீங்களா? பீரோவுக்குத் தகவல் குடுக்கணும்னு எந்த லெண்டரையும் சட்டம் கட்டாயப்படுத்தலை. சிலர் மூணுக்கும் குடுப்பாங்க, சிலர் ஒண்ணுக்கு மட்டும், சிலர் சேமிப்பு மேல குடுத்த லோனை எங்கயுமே காட்டறதில்ல.

எங்க சொந்தத்துல ஒரு பையன் இப்படித்தான் மாட்டினான். ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவங்க சொன்னாங்கன்னு ஒரு சின்ன கிரெடிட் யூனியன்ல 500 டாலர் ஷேர் செக்யூர்டு எடுத்து ஒரு மாசம் தவறாம வருஷம் முழுக்க கட்டிட்டான். அப்புறம் ஒரு அபார்ட்மென்ட்டுக்கு அப்ளை பண்ணா கிரெடிட் ஹிஸ்டரி இல்ல, ரெண்டு மாச டெபாசிட் குடுன்னுட்டாங்க. ராத்திரி லேப்டாப்பை எடுத்துட்டு வந்து என் பக்கத்துல உட்கார்ந்தான், மூணு ரிப்போர்ட்டையும் பக்கம் பக்கமா திறந்து பாத்தோம், ஒண்ணுல பன்னெண்டு மாசமும் பச்சைக் கட்டம் வரிசையா அவ்ளோ அழகா நிக்குது, மத்த ரெண்டுலயும் அவன் பேரும் அட்ரஸும் தவிர வேற ஒண்ணுமே இல்ல. அபார்ட்மென்ட்காரங்க பாத்தது அந்தக் காலி ரிப்போர்ட்டை. ஒரு வருஷ உழைப்பு. மெம்பர் ஆகறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தா வேற இடத்துல எடுத்திருப்பான், இன்னமும் எனக்கு அது ஆறலை.

அதனால போன்ல கேக்கறதோட விடாதீங்க, மெசேஜ்லயோ ஈமெயில்லயோ எழுத்துல வாங்கிக்கோங்க. இன்ஸ்டால்மென்ட் லோன்னுதான், அதாவது மாசத் தவணைல கட்டற லோன்னுதான் ரிப்போர்ட் ஆகுமான்னும் கேளுங்க. அடுத்து, மெம்பர் ஆகறதுக்கோ லோனுக்கோ ஹார்ட் புல் (கடன் குடுக்கறதுக்காக உங்க கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாக்கறது, ஹார்ட் இன்க்வைரின்னும் சொல்வாங்க) உண்டான்னு கேளுங்க, ஃபைலே இல்லாதவங்களுக்கு ஒரு ஹார்ட் இன்க்வைரி பெரிய சேதம் இல்ல, ஸ்கோர்ல ஒரு வருஷம்தான் கணக்குல எடுப்பாங்க, ஆனா ரெண்டு மூணு இடத்துல வரிசையா அப்ளை பண்ணிடாதீங்க. பிடிச்சு வச்ச காசு கட்டக் கட்ட விடுபடுமா இல்ல கடைசில மொத்தமாத்தான் விடுவாங்களான்னும் கேளுங்க. இன்னொண்ணு, பத்திரத்துல கிராஸ் கொலாட்டரல்னு ஒரு பத்தி இருக்கும், அதைப் படிக்காம கையெழுத்து போடாதீங்க. நாளைக்கு அதே இடத்துல கார் லோனோ கிரெடிட் கார்டோ எடுத்து அதுல தவணை விட்டா, இதுக்கு ஈடா வச்ச சேமிப்பை அதுக்கும் பிடிச்சுக்கலாம்னு அதுல எழுதியிருக்கும்.

லோன் காசு கைக்கு வந்ததும் செலவழிச்சிடாதீங்கம்மா. அதை அப்படியே ஒரு செக்கிங் அக்கவுண்ட்ல போட்டு அதுல இருந்தே ஆட்டோபே வச்சிடுங்க, வட்டிக்கு மட்டும் மேல ஒரு 20 டாலர் போட்டு வைங்க, வருஷம் முழுக்க நீங்க தொடவே வேண்டாம். 30 நாள் தாண்டி ஒரு தவணை லேட் ஆனா அது ரிப்போர்ட்ல 7 வருஷம் நிக்கும், ஸ்கோர் ஏத்த எடுத்த லோனே ஸ்கோரைக் கெடுத்துடும்.

இது மட்டும் போதுமான்னா, போதாது. கடன் குடுக்கறவங்க அதிகமா பாக்கற ஃபைகோ ஸ்கோர்ல தவறாம கட்டறதுக்கு 35 சதவீதம், எவ்ளோ கடன் பாக்கி வச்சிருக்கோம்ங்கறதுக்கு 30, எத்தனை வருஷ ஹிஸ்டரிங்கறதுக்கு 15, புது கிரெடிட்டுக்கு 10, கலவைக்கு 10. லோன் ஒண்ணு, கார்டு ஒண்ணுன்னு ரெண்டு வகையும் இருந்தாத்தான் கலவை. வீட்டுக்காரர் கார்டுல உங்களை ஆத்தரைஸ்டு யூசரா (அவர் கணக்குலயே கார்டு பயன்படுத்த அனுமதி உள்ளவரா) சேர்க்கச் சொல்லுங்க, அந்த பேங்க் ஆத்தரைஸ்டு யூசரையும் ரிப்போர்ட் பண்ணுதான்னு பாத்துக்கோங்க, கூடவே உங்க பேர்ல ஒரு செக்யூர்டு கார்டு (டெபாசிட் கட்டி எடுக்கற கிரெடிட் கார்டு) எடுங்க. ஃபைகோ ஸ்கோர் உருவாகணும்னா குறைஞ்சது ஒரு அக்கவுண்ட்டாவது 6 மாசம் ஓடியிருக்கணும், அதனால ரெண்டு மாசத்துல ஒண்ணும் காணலையேன்னு பதறாதீங்க.

கேள்வி: அக்கா வணக்கம், இங்க டல்லாஸ் பக்கம் மாஸ்டர்ஸ் முடிச்சு ஓபிடில (படிப்பு முடிச்ச வெளிநாட்டு மாணவர்கள் வேலை பாக்கற அனுமதி) இருக்கேன். ஷேர் செக்யூர்டு லோனை நீளமா எடுத்துட்டு மறுநாளே 91 சதவீதத்தைக் கட்டிட்டு மிச்ச 9 சதவீதத்தை வருஷக்கணக்கா இழுத்தா ஸ்கோர் எகிறும்னு ரூம்மேட் சொல்றான். நிஜமா?
- ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: ரூம்மேட் சொல்றதுல விஷயம் இருக்கு தம்பி. இன்ஸ்டால்மென்ட் லோன்ல வாங்கின தொகைக்கு இன்னும் எவ்ளோ பாக்கிங்கறதை ஃபைகோ பாக்குது, பாக்கி கம்மியா இருந்து அக்கவுண்ட்டும் திறந்தே இருந்தா நல்லது. ஆனா அந்த 9 சதவீதம்ங்கறது ஃபைகோ அறிவிச்ச கணக்கு இல்ல, ஆளுங்க தங்களோட ஸ்கோரைப் பாத்துப் பாத்துச் சொன்னது.

சிக்கல் வேற இடத்துல இருக்கு. முன்கூட்டியே பெருசா கட்டினா சில கிரெடிட் யூனியன்ல அடுத்த டியூ டேட் பல மாசம் தள்ளிப் போயிடும், சில இடத்துல அசல் குறையும் ஆனா அடுத்த மாசம் அதே தவணையைக் கட்டியே ஆகணும். ரெண்டாவது வகைல நீ 91 சதவீதம் கட்டியாச்சேன்னு நிம்மதியா இருந்தா அடுத்த மாசமே லேட் விழும், இல்ல தவணையைக் கட்டிட்டே போனா சில மாசத்துலயே லோன் முடிஞ்சு மூடிடும். "முன்னாடியே கட்டினா டியூ டேட் தள்ளிப் போகுமா, லோன் கடைசித் தேதி வரைக்கும் திறந்திருக்குமா"ன்னு இந்த ரெண்டையும் கேக்காம அதுல இறங்காதே. முன்கூட்டியே கட்டறதுக்கு ஃபெடரல் கிரெடிட் யூனியன் (மத்திய அரசு அனுமதில நடக்கறது) அபராதம் போடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, அந்த பயம் வேண்டாம். ஆனா உனக்கு நான் சொல்றது, முதல் லோன்ல இந்த வித்தையெல்லாம் வேண்டாம், 500 டாலருக்கு 24 மாசம் எடுத்து ஆட்டோபேல விடு. 3 சதவீதத்துல மாசம் 21 டாலர் 49 சென்ட், ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து வட்டி 16 டாலருக்குள்ளதான். அந்த 35 சதவீதத்துக்கு 24 தடவை தவறாம கட்டின பதிவு உன் பேர்ல ஏறும்.

கேள்வி: மேடம், கார் லோன் ஓடுது, ரெண்டு கார்டுல 6,000 டாலர் பாக்கி, ஸ்கோர் 610. கைல 1,500 டாலர் சேமிப்பு இருக்கு. அதை வச்சு ஷேர் செக்யூர்டு எடுத்தா 700 தொடுமா?
- வாசகர், சிகாகோ

பதில்: எடுக்காதீங்க சார். உங்களுக்கு ஹிஸ்டரி இல்லாதது பிரச்சினை இல்ல, கார்டு பாக்கிதான் பிரச்சினை. சிஎஃப்பிபி (நுகர்வோர் நிதிப் பாதுகாப்புக்கான அமெரிக்க அரசு அமைப்பு) 2020ல கிரெடிட் பில்டர் லோன் பத்தி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ஒரு கிரெடிட் யூனியன் மெம்பர்களை வச்சுப் பண்ணது. ஏற்கனவே கடன் இல்லாதவங்களுக்கு ஸ்கோர் ஏறினது, கடன் இருந்தவங்களை விட 60 பாயிண்ட் அதிகம். கடன் இருந்தவங்க இன்னொரு மாசத் தவணையையும் தலைல ஏத்திக்கிட்டு பழைய கடன்ல தவணை விட்டிருக்காங்க. இருக்கற தவணைகளோட இன்னொண்ணு சேர்ந்தா உங்களுக்கும் அதுதான் நடக்கும்னு எனக்கு பயமா இருக்கு. 500 டாலரை அவசரத்துக்குன்னு வச்சுக்கிட்டு மிச்ச 1,000த்தை எந்தக் கார்டுல வட்டி அதிகமோ அதுல கட்டுங்க. கார்டு வட்டி 20 சதவீதத்துக்கு மேல ஓடறப்போ சேமிப்பை ஈடா வச்சு இன்னொரு லோன் வாங்கறதுல அர்த்தமே இல்ல. உங்க கிரெடிட் யூனியன்ல அந்தக் கார்டு கடனை மாத்திக்க பர்சனல் லோன் குடுப்பாங்களான்னு மட்டும் விசாரிங்க. ஃபெடரல் கிரெடிட் யூனியன் சாதாரண லோனுக்கு வருஷம் 18 சதவீதத்துக்கு மேல வாங்க முடியாது.

கேள்வி: பேங்க் இல்லாம கிரெடிட் யூனியன்ல காசு போட்டா பத்திரமா?
- வாசகி, சியாட்டில்

பதில்: என்சியுஏ (கிரெடிட் யூனியன்களைக் கண்காணிக்கற அமெரிக்க அரசு அமைப்பு) இன்ஷூரன்ஸ் இருக்கான்னு பாருங்க, இருந்தா 2,50,000 டாலர் வரைக்கும் பாதுகாப்பு, பேங்க்குக்கு எஃப்டிஐசி எப்படியோ அப்படி. ஈடா பிடிச்சு வச்ச காசும் உங்க கணக்குல இருக்கற காசுதான், அதுக்கும் சேர்த்துதான்.

கேள்வி: அக்கா, லோனைக் கட்டி முடிச்சேன், ஆப்ல ஸ்கோர் குறைஞ்சிடுச்சு! ஏன்? என்ன தப்பு பண்ணேன்?
- வாசகி, அட்லாண்டா

பதில்: நீங்க ஒரு தப்பும் பண்ணலைம்மா. ஓடிட்டிருந்த ஒரே இன்ஸ்டால்மென்ட் லோன் மூடினதும் கொஞ்சம் இறங்கும், அது சகஜம். நல்லபடியா கட்டி மூடின அக்கவுண்ட் ரிப்போர்ட்ல 10 வருஷம் வரைக்கும் இருக்கும், நீங்க கட்டினது எதுவும் அழிஞ்சு போகலை. இன்னொண்ணு, இலவச ஆப்கள்ல நிறைய வான்டேஜ் ஸ்கோரைத்தான் (ஃபைகோ மாதிரி இன்னொரு ஸ்கோர்) காட்டும், வீட்டு லோன் குடுக்கறவங்க பெரும்பாலும் ஃபைகோவைப் பாப்பாங்க, ரெண்டும் ஒரே மாதிரி ஏறி இறங்காது. ஆப்பை விட்டுட்டு ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம்ல போங்க, மூணு ரிப்போர்ட்டும் வாரத்துக்கு ஒரு தடவை இலவசமாவே எடுக்கலாம். மூணுலயும் அந்த லோன் "பெய்டு, க்ளோஸ்டு"ன்னு இருக்கா, பேலன்ஸ் பூஜ்யம்னு இருக்கான்னு பாருங்க. எதுலயாவது பாக்கின்னு காட்டினா அந்த பீரோவோட சைட்லயே டிஸ்ப்யூட் போடுங்க, 30 நாளைக்குள்ள விசாரிச்சு பதில் சொல்லணும்ங்கறதுதான் பொதுவான விதி. கிரெடிட் யூனியன்ல இருந்து லோன் முடிஞ்சதுக்கு ஒரு லெட்டர் வாங்கி வச்சிருந்தா அதையும் சேர்த்தே அப்லோட் பண்ணிடுங்க.