பெட்டிக்குள் இருக்கிற குருவி ஏன் ஊமையானது?

கேள்வி: அப்பப்பா மலாயாவில் ரயில்வே வேலை பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பியபோது கொண்டுவந்த சின்ன வெள்ளிப் பெட்டி ஒன்று எங்கள் அலுமாரியில் கிடக்கிறது. சாவி கொடுத்து முன்னால் இருக்கிற ஆணியைத் தள்ளினால் மூடி திறந்து, ஒரு குருவி எழும்பிச் சிறகடிக்கும். ஆனால் பாட்டு இல்லை, ‘உஸ்’ என்று காற்று மட்டும்தான். உள்ளே இருக்கிற ரெக்கோட் தேய்ந்துவிட்டது என்கிறார் என் கணவர். திருத்தலாமா? அடியில் கே.ஜி. என்று பொறித்திருக்கிறது, இருநூறு வருசப் பழசா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: முதலில் அவரிடம் சொல்லுங்கள், உள்ளே ரெக்கோட்டும் இல்லை, சிப்பும் இல்லை. குருவிக்குத் தொண்டையே கிடையாது, அது வாயசைப்பதோடு சரி. பாடுவது அதற்குக் கீழே ஒளிந்திருக்கிற ஒரு விசில். அந்த விசிலுக்குள் சைக்கிள் பம்பின் தடி மாதிரி ஒரு குட்டிப் பிஸ்டன் ஓடுகிறது, உள்ளே போனால் சுருதி ஏறும், வெளியே வந்தால் இறங்கும். அதற்குக் காற்றுக் கொடுப்பது ஒரு சின்னத் துருத்தி, தட்டாரிடம் இருந்ததே, அதன் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் எப்போது எவ்வளவு நகர வேண்டும், காற்று எங்கே அறுந்து அறுந்து போக வேண்டும், சொண்டு எப்போது திறக்க வேண்டும் என்பதெல்லாம் விளிம்பில் மேடுபள்ளமாக வெட்டிய பித்தளைத் தட்டுகளில் இருக்கிறது. மெல்லிய நெம்புகோல்கள் அந்த விளிம்பைத் தடவிக்கொண்டே போகும். ஆக, பாட்டை எழுதியது அரம் பிடித்த கைதான். எனக்கு இதில் குருவியைவிட அந்தத் தட்டுகள்தான் அழகு.

சரி, உங்கள் ‘உஸ்’ஸுக்கு வருவோம். துருத்தியின் தோல் வெடித்திருக்க வேண்டும், அல்லது பிஸ்டன் இறுகியிருக்க வேண்டும். பெரும்பாலும் தோல்தான். தங்க ரேக்கு அடிக்கிறவர்கள் இடையில் வைக்கும் மாட்டுக்குடல் சவ்வு போன்ற மெல்லிய தோல் அது, எங்கள் வெயிலிலும் உப்புக்காற்றிலும் எத்தனை வருசம் தாங்கும்? தோலை மாற்றலாம், ஆனால் அதைச் செய்து பழகிய கை வேண்டும். தயவுசெய்து தேங்காய் எண்ணெயோ தையல் மெசின் எண்ணெயோ விடாதீர்கள்! பிஸ்டன் உலர்ந்துதான் ஓட வேண்டும். ‘ஒரு சொட்டுத்தானே’ என்று யாரோ விட்ட எண்ணெயில் பிஸ்டன் தூசியோடு ஒட்டி, இறகுகளும் நனைந்துபோன பெட்டி ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், மழையில் விழுந்த குஞ்சு மாதிரி இருந்தது. பழைய பெட்டிகளில் ஹம்மிங் பறவையின் இறகைத்தான் ஒட்டுவார்கள், நகக்கண் அளவு உடம்பில் ஒவ்வொன்றாக. குருவி பாதியில் நின்றால் மூடியை அமத்தவும் வேண்டாம், உள்ளே கம்பி வளைந்துவிடும். மணிக்கூடு திருத்துகிறவர் பல்சக்கரங்களைச் சுத்தம் செய்து தருவார், ஆனால் துருத்தியில் கைவைக்க அவரே தயங்கினால் அவரை நம்பலாம்.

வயசுக்கு வந்தால், கே.ஜி. என்பது கார்ல் கிரீஸ்பாம், ஜெர்மனியின் கருங்காடு என்ற மலைப்பகுதியில் ட்ரிபெர்க் என்ற ஊரில் இப்படிக் குருவிப் பெட்டிகள் செய்தவர். 20ஆம் நூற்றாண்டு வேலை. அதனால் இருநூறு வருசம் இல்லை. அவ்வளவு பழசு என்றால் ஜெனீவாவில் ஜாக்கே-துரோ, லெஷோ என்ற மணிக்கூட்டுக் கலைஞர்கள் 1780களில் செய்யத் தொடங்கிய தங்க, எனாமல் பெட்டிகள்தான், அவை மியூசியத்துச் சாமான். அதற்காக உங்களுடையதைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சுவிசில் செந்-குருவா என்ற ஊரில் ரூஜ் நிறுவனம் இன்றைக்கும் இத்தகைய குருவிகளைச் செய்கிறது, இந்த வேலை தெரிந்தவர்களை அந்தப் பக்கம்தான் தேட வேண்டும். யாழ்ப்பாணத்தில் சுவிசில் சொந்தம் இல்லாத வீடு எது? அடுத்த முறை வருகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள், சூட்கேசில் இல்லை, கைப்பையில்.

கேள்வி: கையால் சுற்றும் பெட்டியை வைத்துக் கனேரிக் குருவிக்குப் பாட்டுப் பழக்குவார்களாம் என்று ஒருவர் சொன்னார். கதை விடுகிறாரா?
– மாணவன், சுன்னாகம்

பதில்: இல்லை தம்பி, உண்மை. செரினெட் என்று பெயர், 18ஆம் நூற்றாண்டுப் பிரான்ஸ். முள் பதித்த உருளை, பத்துக் குழல் வரை, ஒரு கைப்பிடி. கனேரிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றுவார்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் தனிக் குழல் வேண்டியிருந்ததால்தான் அது சட்டைப் பைக்குள் போகவில்லை, மேலே சொன்ன பிஸ்டன் வந்த பிறகு ஒரே குழல் போதுமென்றானது. கனேரி பழகியதா, சுற்றியவருக்கு அலுத்ததா, எது முதலில் நடந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.