காதால் கேட்டு எழுத்தைப் பிடிக்கலாம்: முதியோர் கல்வி கேள்வி-பதில்

கானாடுகாத்தானில் மாலை வகுப்பு எடுக்கிறேன். ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் வேலை பார்க்கும் பெண்கள் ஐந்தாறு பேர் வருகிறார்கள். எல்லோருக்கும் நாற்பதுக்கு மேல். நாலு பேர் முன்னால் வாய்விட்டு வாசிக்கக் கூச்சப்படுகிறார்கள். வாட்ஸ்அப் குரல் செய்தி உதவுமா?

நன்றாகவே உதவும். நான் நாலே வரியைப் பெரிய எழுத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புவேன். கூடவே அதே வரிகளை வாசித்து ஒரு குரல் செய்தி. ராத்திரி வேலை முடிந்ததும், கேட்டுக்கொண்டே வரிமேல் விரலை ஓட்டுவார்கள். மூன்று நாள் கழித்து அவர்களே வாசித்து எனக்கு மட்டும் அனுப்புவார்கள். பதிவு பிடிக்காவிட்டால் அனுப்பும் முன்பே அழித்துவிடலாம் என்பதை முதல் நாளே காட்டிவிடுங்கள். பாதிக் கூச்சம் அங்கேயே போய்விடும்.

நீங்கள் மெதுவாக வாசிக்க வேண்டும். வாட்ஸ்அப்பின் வேகப் பொத்தான் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று கூட்டத்தான் செய்யும்.

தமிழ் வாசிக்கக் காதின் துணை ரொம்பத் தேவை. கடல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே ‘க’தான், ஒலி மூன்று விதம். ‘ப... க... ல்’ என்று எழுத்துக்கூட்டும்போது, தினமும் பேசுகிற சொல்லே அடையாளம் தெரியாமல் போகிறது. முழுச் சொல்லும் காதில் விழுந்தால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் அழகாக வாசித்து அனுப்பியிருந்தார். பாராட்டுவதாக நினைத்து வகுப்பில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டு வாரம் அவர் வகுப்புப் பக்கமே வரவில்லை. அன்றிலிருந்து, கேட்காமல் யார் குரலையும் அடுத்தவருக்குக் கேட்கவிடுவதில்லை.

அம்மாவுக்கு 58 வயது. “மைக்கில் பேசினால் போனே எழுதிவிடுகிறது, இனிமேல் எனக்கு எதுக்குப் படிப்பு” என்கிறார். (கோட்டையூர்)

போன் எழுதியது சரிதானா என்று பார்க்கத் தெரியாவிட்டால், யாருக்கு என்ன போய்ச் சேருகிறது என்றே அவருக்குத் தெரியாதே!

அந்த மைக்கையே பாடமாக்குங்கள். “நாளைக்குப் பேரன் வர்றான், கந்தரப்பம் சுடணும்” என்று அவர் சொல்லட்டும். திரையில் வந்ததை அவரையே வாசிக்க வையுங்கள். தன் வாயால் சொன்ன வரி என்பதால் பயம் இருக்காது. அப்புறம் அதைப் பார்த்து நோட்டில் எழுதட்டும். “அவுக வந்தாக” என்று நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், போன் சில நேரம் வேறெதையோ எழுதி வைக்கும். அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதும் நல்ல பயிற்சி. தப்பு போனுடையது, அம்மா பேச்சில் இல்லை என்று சொல்லுங்கள். இந்த வயதில் படிக்க வருபவர்கள் எல்லாப் பிழையையும் தம் தலையில் போட்டுக்கொள்வார்கள்.

மைக்கை அமுக்குவதும் அம்மாவாகவே இருக்கட்டும். 1990களின் தொடக்கத்தில், பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்துக்கு வந்த பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர முடிந்தது. போனிலும் அந்தச் சுதந்திரம் அவருக்கு வேண்டும்.

தேவகோட்டையில் கடை வைத்திருக்கிறேன். 50 வயதில் அழகப்பா பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்திருக்கிறேன். பாடத்தைப் போன் வாசிக்க, நான் கேட்டுக்கொண்டால் போதுமா?

போதாது. தேர்வைக் கையால்தான் எழுதப்போகிறீர்கள். ஒரு பகுதி கேட்டதும் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அதை உங்கள் சொல்லில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். எங்கே திக்குகிறதோ அங்கேதான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு பதிலாவது பேனா பிடித்து எழுதுங்கள். பக்கங்களைப் படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் பல செயலிகள் வாசிக்காது. எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

எங்களுடையது பழைய வீடு. பாடம் பதிவு செய்தால் எதிரொலிக்கிறது, உள்ளே சிக்னலும் கிடைப்பதில்லை. (பள்ளத்தூர்)

பட்டாலை மாதிரிப் பெரிய கூடங்களில் பதிவு செய்யாதீர்கள். பாய், தலையணை, துணிமணி அடுக்கிய சின்ன அறை போதும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். சிக்னலுக்குத் திண்ணைக்கு வந்து பாடத்தைப் போனில் ஒருமுறை இறக்கிக்கொண்டால், உள்ளே போய் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். அதற்கு டேட்டா செலவாகாது.