ரொமான்ஸ் மொழிகளின் எதிர்கால வினை: கேள்வி பதில்

கேள்வி: இலத்தீனில் "பாடுவேன்" என்பது "கன்தாபோ". ஆனால் அதன் வழிவந்த ரொமான்ஸ் மொழிகளுள் ஸ்பானியத்தில் "கன்தரே", இத்தாலியத்தில் "கன்தெரோ" என்கிறார்கள். பழைய விகுதி என்னவாயிற்று, ஐயா?

பதில்: அது வழக்கொழிந்துவிட்டது, இன்றைய வடிவங்கள் அதன் வழிவந்தவை அல்ல. பேச்சு இலத்தீனில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் பகரமும் வகரமும் ஒரே ஒலியாகிவிட்டதால், "அமாபித்" (நேசிப்பான்), "அமாவித்" (நேசித்தான்) ஆகிய இரண்டையும் காதால் பிரித்தறிவது அரிதாயிற்று. இந்த மயக்கம் வலுத்த நிலையில், "பாட வேண்டியிருக்கிறது" என்ற பொருளில் வழங்கிய "கன்தாரே ஹபேயோ" என்னும் தொடர் அவ்விடத்தைப் பிடித்தது. "கன்தாரே" என்பது "பாட". "ஹபேயோ" என்பது "உடையேன்". கடமையைச் சொன்ன தொடர் மெல்ல மெல்ல எதிர்காலத்தை மட்டுமே சொல்லலாயிற்று.

கேள்வி: தனிச்சொல் விகுதியாக ஒட்டிக்கொண்டது என்பதற்குச் சான்று உண்டா?

பதில்: உண்டு. ஸ்பானியத்தில் "ஹபேயோ"வின் வழிவந்த துணைவினை "ஏ, ஆஸ், ஆ" என்று திரியும். "கன்தர்" என்பதோடு அவற்றைச் சேர்த்தால் "கன்தரே, கன்தராஸ், கன்தரா" கிடைக்கும். இதைவிட எனக்கு மிகவும் பிடித்த சான்று போர்த்துகீசியத்தில் இருக்கிறது. அதன் உயர்ந்த எழுத்து வழக்கில் "உனக்குத் தருவேன்" என்பதை "தார்-தெ-எய்" என்று எழுதுவார்கள். வினைக்கும் விகுதிக்கும் நடுவே "உனக்கு" என்னும் சொல் வந்து நிற்கிறது. ஒரு காலத்தில் அவை இரண்டு தனிச்சொற்களாக இருந்திராவிட்டால் இது நிகழ்ந்திருக்காது.

கேள்வி: எழுத்தில் எப்போது முதலில் தென்படுகிறது?

பதில்: பிரெதெகார் பெயரால் வழங்கும் 7ஆம் நூற்றாண்டு வரலாற்று நூலில் பாரசீக அரசன் "நோன் தாபோ" (தரமாட்டேன்) என்கிறான், பேரரசர் ஜஸ்டினியன் "தாராஸ்" (தருவாய்) என்று மறுமொழி சொல்கிறார். தாரா என்ற நகரின் பெயருக்குக் காரணம் கற்பிக்கும் கதை அது. வரலாறாக ஏற்க முடியாது. ஆயினும் பழைய வடிவமும் புதிய வடிவமும் அடுத்தடுத்து நிற்பதால் மொழியியலுக்கு அது விலைமதிப்பற்றது. அடுத்து, 842இல் பிராங்கிய அரச சகோதரர் இருவர் ஒருவருக்கொருவர் துணைநிற்பதாக எடுத்துக்கொண்ட ஸ்ட்ராஸ்பூர்க் உறுதிமொழியில் "சல்வராய்" (காப்பேன்) என்று தெளிவாகவே வருகிறது.

கேள்வி: எல்லா ரொமான்ஸ் மொழிகளும் இவ்வழியே சென்றனவா?

பதில்: இல்லை. ருமேனியம் "விரும்பு" என்னும் வினையைத் துணையாக்கி "வோய் கின்தா" என்கிறது. சார்தீனியம் "உடைமை" வினையையே எடுத்துக்கொண்டாலும், அதை முன்னே தனியாக நிறுத்தி, "பாட" என்பதைப் பின்னே வைக்கிறது.