பழைய கணினி, பழைய கேசட்: வாசகர் கேள்வி – பதில்

(செங்கோட்டையில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் பழுதுபார்க்கும் கடை நடத்திவருபவர், புரோகிராம்களை ஒலியாகக் கேசட்டில் பதிந்துவைத்த 1980களின் வீட்டுக் கணினிகளைப் பற்றி வாசகர்கள் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறார்.)

ஐயா, காலமான என் மாமா ஸ்பெக்ட்ரம் கணினியில் தேயிலை எடைக் கணக்குக்காக ஒரு புரோகிராம் எழுதிக் கேசட்டில் வைத்திருந்தார். இப்போது எடுத்துப் பார்த்தால் டேப் சுருளின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூசணம். அரிசிப் பானைக்குள் வைத்தால் ஈரம் போய்விடும் என்கிறார் அத்தை. வைக்கலாமா?
– வாசகி, மூணாறு

அரிசிப் பானை வேண்டாம் அம்மா. அரிசியின் தவிட்டுத் தூள் டேப்பில் ஒட்டிக்கொண்டால் அதை எடுப்பது பூசணத்தை எடுப்பதைவிடப் பெரும்பாடு. வெயிலிலும் வைக்காதீர்கள், டேப் நெளிந்துவிடும். புதுச் செருப்பு, கைப்பை வாங்கும்போது உள்ளே சின்னப் பொட்டலமாக வருமே, சிலிக்கா ஜெல், அதைச் சேர்த்துவைத்து ஏழெட்டுப் பொட்டலங்களை இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். கேசட்டையும் உள்ளே வைத்து மூடிவிடுங்கள். தென்மேற்குப் பருவமழையில் உங்கள் ஊரில் சுவரே வியர்க்கும், அந்த மாதங்களில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் காற்று வறண்டிருக்கும்போது செய்யுங்கள். ஈரப் பூசணத்தைத் துடைத்தால் இழுவிக்கொண்டு டேப் முழுக்கப் பரவும். நன்றாகக் காய்ந்த பூசணம் தொட்டாலே பொடியாக உதிரும். அந்த நிலை வரும்வரை பொறுத்திருங்கள்.

காய்ந்த பிறகு முற்றத்துக்குப் போய், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கேசட் துளையில் பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றுங்கள். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை டேப்பின்மேல் அழுத்தாமல் வைத்துக்கொண்டாலே போதும். கேசட்டின் வாயில், ரிக்கார்டரில் டேப்பைப் படிக்கும் பாகமான ஹெட்டோடு டேப்பைச் சேர்த்துப் பிடிக்கும் சிறிய பஞ்சுத் துண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து அது விழுந்துபோயிருக்கும். விழுந்திருந்தால், ஸ்க்ரூ போட்ட வேறொரு கேசட்டைத் திறந்து, அந்தக் கூட்டுக்குள் உங்கள் சுருளை மாற்றிவிடுவது நல்லது.

ஒரு பொட்டுப் பூசணத்துக்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். கேசட்டில் டேப் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஸ்பெக்ட்ரம் அதில் வினாடிக்குச் சராசரியாக 170 பைட் எழுதுகிறது. ஒரு பைட் என்பது ஓர் எழுத்தளவு. ஆக ஒரு பைட்டுக்குக் கிடைக்கும் இடம் கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பாட்டுக் கேசட்டில் 2 மில்லிமீட்டர் புள்ளி விழுந்தால் காதுக்கே தெரியாது. உங்கள் மாமாவின் கேசட்டில் அதே புள்ளி ஏழு எழுத்தை விழுங்கிவிடும். அதோடு, ஸ்பெக்ட்ரம் புரோகிராம் முழுவதற்கும் கடைசியில் ஒரே ஒரு சரிபார்ப்பு பைட்தான் வைக்கிறது. நடுவில் ஒரு பிட் (பைட்டில் எட்டில் ஒரு பங்கு) பிசகினாலும், ஐந்து நிமிடம் ஓடிய லோட் (கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றும் வேலை) கடைசி நொடியில் பிழை என்று நின்றுவிடும்.

அதனால் கேசட்டை நேரே கணினியில் போடாதீர்கள். சுத்தமான டேப் ரிக்கார்டரில் ஓட்டி, ஒலியாக மடிக்கணினியில் பதிவுசெய்யுங்கள். வேவ் கோப்பாக, 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட்டில். ஒரு தடத்துக்கு நிமிடத்துக்கு ஐந்து மெகாபைட்டுக்குச் சற்று மேல் பிடிக்கும், பிடிக்கட்டும். எம்பி3 வேண்டாம், அது சுருக்கும்போது அலையின் விளிம்பை மழுக்கிவிடும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானை அணைத்துவிடுங்கள். ஸ்டீரியோ டெக்காக இருந்தால் இரண்டு தடங்களையும் பதிந்துகொண்டு தெளிவானதை எடுத்துக்கொள்ளலாம்.

பதிவுக்கு முன் செய்யவேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு. ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் மாட்டிய சின்ன ஸ்க்ரூ இருக்கும். ஹெட் டேப்புக்கு நேர்க்குத்தாக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. மாமாவின் ரிக்கார்டரில் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வு உங்கள் ரிக்கார்டரிலும் வரவேண்டும். முதலில் ஸ்க்ரூ நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். கேசட்டை ஓடவிட்டு, காதைக் கொடுத்துக்கொண்டே ஸ்க்ரூவை இம்மி இம்மியாகத் திருப்புங்கள். மந்தமாக இருந்த கீச்சொலி ஓரிடத்தில் சட்டென்று கூர்மையாகும். அங்கே நிறுத்துங்கள். கெட்டுப்போனதாகச் சொல்லி என் கடைக்கு வரும் கேசட்டுகளில் பாதிக்குமேல் இந்த ஒரு திருப்பலில் பிழைத்துவிடுகின்றன.

சில எழுத்துகள் போயே போயிருந்தாலும் மனம் தளர வேண்டாம். ஸ்பெக்ட்ரமின் புரோகிராம் மொழியான பேசிக்கில் ‘பிரின்ட்’ போன்ற கட்டளை முழுச் சொல்லாக இல்லாமல் ஒரே பைட்டாகப் பதிவாகிறது. எண்களோ இருமுறை பதிவாகின்றன: நாம் பார்க்கும் இலக்கங்களாக ஒருமுறை, அவற்றை ஒட்டியே மறைவாக ஐந்து பைட்டில் இன்னொருமுறை. இலக்கம் அழிந்தாலும் அந்த ஐந்து பைட்டிலிருந்து எண்ணை மீட்டுவிடலாம். எடைக் கணக்கில் எண்கள்தானே உயிர். கடையில் விற்ற விளையாட்டுக் கேசட்டுகளையெல்லாம் உலகெங்கும் ஆர்வலர்கள் எப்போதோ பிரதியெடுத்து வைத்துவிட்டார்கள். உங்கள் மாமா உட்கார்ந்து தட்டியது இந்த ஒரு கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், முதலில் காப்பாற்ற வேண்டியது இதைத்தான்.

இன்றைய கணினியை ஸ்பெக்ட்ரம்போல் இயங்கவைக்கும் ஃப்யூஸ் எமுலேட்டரில் ஸ்பெக்ட்ரம் பேசிக் பழகுகிறேன். அதில் தமிழ் எழுத்துகளைக் காட்ட முடியுமா?
– கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

தாராளமாக முடியும் தம்பி. கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெக்ட்ரம், நாமே வரைந்துகொள்ள 21 எழுத்துகளுக்கு இடம் விட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுக் கட்டம், ஒரு வரிக்கு ஒரு பைட். இடது ஓரக் கட்டத்துக்கு 128, அடுத்து 64, 32, 16, 8, 4, 2, 1. நிரப்பிய கட்டங்களின் மதிப்பைக் கூட்டினால் அந்த வரியின் எண் வந்துவிடும்.

‘ப’ வரைவோம். மேலே இரண்டு வரிகளைக் காலியாக விடுங்கள், காரணம் பிறகு சொல்கிறேன். அடுத்த நான்கு வரிகளில் இடக்கால் 128, வலக்கால் 2, ஆக 130. அதன் கீழ் அடிக்கோடு, 254. கடைசி வரி காலி. எனவே 0, 0, 130, 130, 130, 130, 254, 0. வலக்காலை எடுத்துவிட்டால் ‘ட’ ஆகிவிடும்: 130 வரும் இடமெல்லாம் 128. இந்த எட்டு எண்களையும் டேட்டா வரியில் எழுதி, ரீட் செய்து, போக் கட்டளையால் வரிசையாக நினைவகத்தில் இடவேண்டியதுதான். 48K நினைவகமுள்ள ஸ்பெக்ட்ரமில் அந்த இடம் 65368இல் தொடங்குகிறது.

மேலே விட்ட இரண்டு வரிகள் புள்ளிக்காக. முதல் வரி 16, மற்றவை 0 என்று புள்ளியைத் தனி எழுத்தாக வரைந்துகொள்ளுங்கள். ‘ட’வை அச்சிட்டு, ஓரிடம் பின்னால் வந்து, ‘ஓவர் 1’ போட்டுப் புள்ளியை அதன்மேலேயே அச்சிட்டால் ‘ட்’ கிடைத்துவிடும். பதினெட்டு மெய்க்கும் தனித்தனியே வரையும் வேலை மிச்சம். ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ மூன்றையும் ஒரு கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள், குப்பையாகத் தெரியும். இரண்டு கட்டம் கொடுங்கள். ஒரு வரியில் 32 எழுத்து கொள்ளும் திரை, தமிழுக்குத் தாராளமாகவே இடம் இருக்கிறது.

21 போதாது என்ற நிலை சீக்கிரமே வரும். அப்போது 23606, 23607 என்ற இரு முகவரிகளைப் பிடியுங்கள். எழுத்து வடிவங்கள் எங்கே இருக்கின்றன என்பதை அவைதான் கணினிக்குச் சொல்கின்றன. 96 எழுத்து, 768 பைட். உங்கள் எழுத்துகளை வேறோர் இடத்தில் வைத்துவிட்டு, அந்த முகவரியிலிருந்து 256 குறைத்து இங்கே எழுத வேண்டும். பலரும் தடுக்கி விழுவது இந்த 256இல்தான். மாற்றிய பிறகு லிஸ்ட் போட்டால் புரோகிராமும் உங்கள் புது வடிவங்களிலேயே தெரியும், பதறாதீர்கள். முதல் முகவரியில் 0, இரண்டாவதில் 60 என்று போட்டால் பழையபடி ஆகிவிடும்.

வரைந்து முடித்ததும் சேவ் செய்ய மறக்காதீர்கள். 21 எழுத்துக்கு 168 பைட்தான், தகவலுக்கு முன்னால் வரும் முன்னோட்ட ஒலியையும் சேர்த்துப் பத்து வினாடிக்குள் முடிந்துவிடும்.

அப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்த ‘ஸக்ர்’ கணினி பரணில் கிடக்கிறது. விசைகளில் அரபு எழுத்து. கூடவே பெயர் எழுதாத மூன்று கேசட்டுகள். கணினியை விற்றால் ஏதாவது கிடைக்குமா?
– வாசகர், புனலூர்

மீட்டர் கேஜ் ரயில் ஓடிய நாட்களில் உங்கள் ஊர், தென்மலைப் பக்கமிருந்து வளைகுடா போய்வந்தவர்கள் டூ-இன்-ஒன் செட்டுகளைப் பழுதுபார்க்க என் கடைக்குக் கொண்டுவருவார்கள். அப்படித்தான் நானும் முதன்முதலில் ஒரு கணினியைத் தொட்டேன். ஸக்ர் என்பது குவைத் நிறுவனம் ஒன்று அரபு மொழிக்காகக் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது 1983இல் அறிவிக்கப்பட்ட எம்.எஸ்.எக்ஸ் என்ற பொதுத் தரம். குவைத்திலும் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கின் வடிவம் மட்டும் வேறு.

விற்பதைப் பிறகு பார்ப்போம். பெயர் எழுதாத கேசட் என்றால் அது கடையில் வாங்கியதாக இருக்காது, அப்பாவின் கைவேலையாக இருக்கலாம். மூணாறு சகோதரிக்குச் சொன்னபடி முதலில் வேவ் கோப்பாக எடுங்கள். ஓப்பன் எம்.எஸ்.எக்ஸ் எமுலேட்டர் அந்தக் கோப்பையே கேசட்டாக ஏற்றுக்கொள்ளும். முதலில் ‘சிலோட்’ கட்டளை கொடுங்கள். ஏதாவது கிடைத்தால் திரையில் பெயர் வரும். வராவிட்டால் ‘லோட்’, அதற்கும் மசியாவிட்டால் ‘பிலோட்’. வினாடிக்கு 1200 பிட், 2400 பிட் என்று இரண்டு வேகங்கள் உண்டு, ஆனால் படிக்கும்போது கணினியே கண்டுகொள்ளும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். கேசட்டுகளைக் கணினியோடு சேர்த்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் பள்ளிக் கிடங்கில் பிபிசி மைக்ரோ ஒன்று இருக்கிறது. ஸ்விட்ச் போட்டதும் படம் வந்தது, சற்று நேரத்தில் நாற்றத்தோடு புகையும் வந்தது. போய்விட்டதா?
– ஆசிரியை, கூடலூர் (தேனி மாவட்டம்)

போகவில்லை அம்மா. 1984இல் பள்ளிகளில் கணினி கற்பிக்க அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் வந்த கணினியாக இருக்கும். புகைந்தது பெரும்பாலும் பவர் சப்ளையில், மின்சாரம் நுழையும் இடத்தில் இருக்கும் கெப்பாசிட்டர். மேலுறை பழுப்பாகக் கண்ணாடிபோல் இருக்கும். நாளடைவில் விரிசல் விட்டு ஈரம் குடித்துவிடும். எக்ஸ்2 வகையில் புதிது போட்டால் தீர்ந்தது. அதுவரை மறுபடி ஸ்விட்ச் போடாதீர்கள். பெட்டியைத் திறப்பது மின்வேலை தெரிந்தவராக இருக்கட்டும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும். இருப்புப் பதிவேட்டில் உள்ள பொருள் என்பதால் தலைமையாசிரியரின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய மாணவர்களின் கேசட் கிடைத்தால் உங்களுக்கு வேலை எளிது. பிபிசி மைக்ரோ 256 பைட்டுக்கு ஒரு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியே சரிபார்க்கிறது. ஒரு துண்டு பிசகினால் கொஞ்சம் பின்னால் சுற்றி அங்கிருந்து தொடரலாம்.

டேப் ரிக்கார்டரே இல்லை. செல்போனிலிருந்து ஸ்பெக்ட்ரமுக்கு லோட் செய்யலாமா?
– வாசகர், ஆரியங்காவு

செய்யலாம். ஒலியை முழுதாகக் கூட்டுங்கள், ஈக்வலைசரை அணையுங்கள், அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் வையுங்கள். ஸ்பெக்ட்ரமின் ‘இயர்’ துளை மோனோ. ஸ்டீரியோ கம்பி மட்டும் போட்டு லோட் ஆகவில்லை என்றால், மோனோ பின் உள்ள கம்பியாக மாற்றிப் பாருங்கள். திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் பட்டைகளாக ஓடினால் முன்னோட்ட ஒலி போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். பிறகு நீலமும் மஞ்சளும் வரவேண்டும். வராவிட்டால் ஒலி அளவை ஒரு படி குறைத்துப் பாருங்கள்.