பழைய ஹெரால்டும் மாருதி எஞ்சினும் – கடிதம்

வணக்கம் சார்,

அம்பத்தூரில் ஒரு டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் மாமனார் ஓட்டிய 1966ஆம் வருட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் குரோம்பேட்டை வீட்டு ஷெட்டில் பல வருடங்களாக நிற்கிறது. மேலே துணி ஹூட் போட்ட திறந்த மாடல். விற்க என் மனைவிக்கு மனமில்லை. நானே கழற்றி மாட்டி, சென்னையில் நடக்கும் பழைய கார் கண்காட்சியில் கொண்டுபோய் நிறுத்த ஆசை. நண்பர்கள், "மாருதி எஞ்சின் வை, அலாய் வீல் போடு, செக்கச்செவேலென்று பெயிண்ட் அடி, பரிசு உனக்குத்தான்" என்கிறார்கள். மகனோ, "இந்தச் செலவுக்குப் புதுக் காரே வாங்கலாம்" என்கிறான். நீங்களும் ஹெரால்ட் வைத்திருப்பவர். எங்கே ஆரம்பிப்பது?

சு., குரோம்பேட்டை

அன்புள்ள சு. அவர்களுக்கு,

உங்கள் மகன் போட்ட கணக்கு சரிதான். இதில் போடும் பணம் திரும்பி வராது. அது தெரிந்தே இறங்குங்கள். ஆனால் நண்பர்கள் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். மாருதி எஞ்சின் ஏறிவிட்டால் உங்கள் மாமனார் ஓட்டிய வண்டி அங்கே இருக்காது.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரே தொடரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியில் தினமும் காய்கறி வாங்கப் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு மாதிரியான காரியங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். சும்மா ஈசிஆர் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று போக வேண்டுமென்றால், பழைய ஆர்.சி.யைப் புதுப்பித்து சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் விசாரியுங்கள்.

அந்த ஆர்.சி. புத்தகத்தில் பாடி வகை என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். ஹெரால்டின் இரும்புக் கூரை போல்ட்டில் நிற்பது. கழற்றிவிட்டுத் திறந்த வண்டி ஆக்குவது சுலபம். உங்களுடையது ஹூட்டோடே பிறந்ததா, பிறகு கூரை போனதா என்பது கண்காட்சியில் முதல் கேள்வியாக வரும்.

இது நம் ஊர் வண்டி என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1959இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டை, வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை அறுபதுகளில் இங்கேயே செய்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜியோவன்னி மிக்கெலோட்டி. மற்ற கம்பெனிகள் பாடியும் சேசிஸும் ஒன்றாகச் சேர்ந்த வண்டிக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், ஹெரால்டுக்குத் தனி சேசிஸ் வைத்து, பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு இணைத்தார்கள். வீட்டில் வைத்து வேலை செய்பவருக்கு இதைவிடத் தோதான கார் கிடையாது. பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மொத்த மூஞ்சியும் முன்பக்கம் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து கார்பரேட்டரைக் கழற்றலாம். நான் உட்கார்ந்த இடங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அந்த போல்ட்டுகள் எல்லாம் இஞ்ச் கணக்கு. எம்.எம். ஸ்பேனர் போட்டுத் திருகினால் தலை உருண்டுவிடும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டு ஒரு இஞ்ச் ஸ்பேனர் செட் வாங்கிவிட்டுத்தான் வண்டியில் கை வைக்க வேண்டும்.

அடுத்து துரு. குரோம்பேட்டைக்குக் கடல் தூரம்தான், ஆனாலும் சென்னைக் காற்று சென்னைக் காற்றுதான். மிதியடியைத் தூக்கிவிட்டுத் தரைத் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டி நிற்கும் பகுதிகளையும் டிக்கிக்குக் கீழே இருப்பவற்றையும் தட்டிப் பாருங்கள். டங் என்று கேட்டால் நல்ல இரும்பு, சொத்தென்று கேட்டால் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தே தீர வேண்டும். கூரை இல்லாத பாடிக்குக் கதவு வாசல் பலவீனமான இடம். இரண்டு பக்கமும் வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்ட் அடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாமல் பாடியைத் தூக்கினால் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் மூடாது. டூல் ரூமில் இருந்தவர் நீங்கள், அளவு எடுக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கழற்றும் முன்பே கதவு இடைவெளிகளை அளந்து எழுதி வையுங்கள்.

தகரத்தைச் சுரண்டி வெறும் இரும்பாக்கும் வேலையை ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம். அந்த ஈரத்தில் பிரைமர் அடிப்பதற்குள் சிவந்துவிடும். தை பிறந்த பிறகு ஆரம்பித்தால் பங்குனிக்குள் பாதி முடியும்.

எஞ்சினைப் பொறுத்தவரை அவசரம் ஆகாது. கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். 948 சிசி எஞ்சின், ஸ்டாண்டர்ட் டென் காரில் இருந்த அதே குடும்பம், பிறகு ஸ்டாண்டர்ட் கெஸல் காரிலும் தொடர்ந்தது. அதனால் புதுப்பேட்டையின் பழைய உதிரி பாகக் கடைகளில் தேடும்போது ஹெரால்ட் என்று மட்டும் கேட்காமல் அந்த இரண்டு பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். பெட்ரோல் குழாய், பம்ப் டயஃப்ரம் எல்லாம் எத்தனால் தாங்கும் ரப்பராக மாற்றுங்கள். இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும். எஞ்சின் ஓடுவதற்கு முன் பிரேக் பிடிக்க வேண்டும், இந்த வரிசையை மாற்றாதீர்கள். பின் சக்கரங்கள் ஸ்விங் ஆக்சிலில், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் அச்சில், தொங்குகின்றன. வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டியதில்லை. போரிங், கிராங்க் வேலையெல்லாம் லேத் பட்டறைக்கு. பெயிண்ட் ஒரு நல்ல பெயிண்டருக்கு. டிங்கரிங் நடக்கும்போது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள். ஓட்டையைப் பட்டி வைத்து மூடிவிட்டால் வெளியே தெரியாது, இரண்டு மழைக்குப் பிறகுதான் கொப்புளமாகக் கிளம்பும்.

நிறம் உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. டேஷ்போர்டுக்கு அடியில், கதவு ரெக்சினுக்குப் பின்னால் பாருங்கள், வெயில் படாத பழைய பெயிண்ட் இருக்கும். நல்ல நடுவர்கள் பளபளப்பைக் கொஞ்ச நேரம்தான் பார்ப்பார்கள். பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள், ஹாரன் அடிக்கச் சொல்வார்கள், ஸ்டெப்னியும் ஜாக்கியும் எங்கே என்பார்கள். உங்கள் மாமனார் கை பட்டுத் தேய்ந்த ஸ்டீயரிங்கை மட்டும் புதிதாக்கிவிடாதீர்கள். அந்தத் தேய்மானத்துக்காகத்தான் இந்த வண்டியைக் காப்பாற்றுகிறோம்.

ஹூட் கடைசி வேலை. கதவுக் கண்ணாடிகள் சரியாக உட்கார்ந்த பிறகு, வண்டியின் மேலேயே துணி போட்டு வெட்டித் தைப்பவரிடம் கொடுங்கள். பழைய துணியைத் தூக்கி எறியாதீர்கள், தையல்காரருக்கு அதுதான் மாதிரி.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் சேசிஸ் நம்பர் தகடு, ஆர்.சி. புத்தகம் இரண்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.