சாப்பாட்டு டப்பா ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: எங்கள் மகனுக்கு 13 வயது. பிறவியிலேயே இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. 5 வயதிலிருந்து காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷின் போட்டிருக்கிறான். வீட்டில் நன்றாகப் பேசுவான். அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு. போன வருஷம் வரை சமாளித்தவனுக்கு இப்போது அறிவியலிலும் சமூக அறிவியலிலும் மார்க் விழுந்துவிட்டது. முதல் பெஞ்சில்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். கேட்டால் ‘புரிந்தது’ என்கிறான். மிஷின் விசிலடிக்கிறது என்று சத்தத்தைக் குறைத்துவிடுகிறான். அதே பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் என் மகள்தான் அவனுக்கு எல்லாம். மதிய இடைவேளையில் அவன் வகுப்புக்குப் போய், அன்றைய பாடத்தை விளக்கி, நோட்டையும் சரிபார்த்துவிட்டு வருவாள். ஆசிரியர்களிடம் பேசுவதும் அவள்தான். அவளும் இப்போது சரியில்லை. சாப்பாட்டைப் பாதிக்கு மேல் திருப்பிக் கொண்டுவருகிறாள். ஒல்லியாக வேண்டும் என்ற மோகம் போலிருக்கிறது. அது போகட்டும். அடுத்த வருஷம் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க ஆசைப்படுகிறாள். அவள் போய்விட்டால் தம்பியை யார் பார்ப்பது என்கிறார் என் கணவர். அவரால் கடையை விட்டு நகர முடியாது. மகனைக் காது கேளாதோர் பள்ளியில் சேர்த்துவிடலாமா, இல்லை மகளை உள்ளூர்க் கல்லூரியில் சேர்க்கலாமா?
ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: அந்தச் சாப்பாட்டு டப்பாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ‘அது போகட்டும்’ என்று நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்குத் தாண்ட மனம் வரவில்லை.

மதிய இடைவேளை எவ்வளவு நேரம் அம்மா? முக்கால் மணி நேரம் இருந்தால் அதிகம். அதற்குள் உங்கள் மகள் தம்பியின் வகுப்புக்குப் போக வேண்டும், காலையில் நடந்த பாடங்களை அவனுக்கு நிதானமாகச் சொல்ல வேண்டும், நோட்டில் விட்டுப்போனதை நிரப்ப வேண்டும், மணி அடிப்பதற்குள் தன் வகுப்புக்கு ஓடிவர வேண்டும். இதில் சோறு எப்போது? இடைவேளையில் தம்பிக்குப் பாடம் சொல்கிறாள் என்று எழுதிய அதே கையால், நாலு வரி தள்ளி, டப்பா திரும்பி வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பெண்ணுக்கு ஒல்லி மோகம் என்று பழி போட்டிருக்கிறீர்களே! பொதுத்தேர்வு எழுதப் போகிற பிள்ளை அரை வயிற்றோடு பிற்பகல் முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். ‘ஏன்டி சாப்பிடலை’ என்று அதட்டியிருப்பீர்கள். ‘சாப்பிட உனக்கு நேரம் இருக்கா’ என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் அவளை உள்ளூரிலேயே நிறுத்திக்கொள்ளலாமா என்று எழுத உங்களுக்கே கை வந்திருக்காது.

எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்துவிட்டேன். ஒரு பிள்ளைக்குக் குறை என்றால் இன்னொரு பிள்ளையின் காலத்தை எடுத்து அதற்குக் கொடுப்பார்கள். அநேகமாக அது பெண் பிள்ளையின் காலமாகத்தான் இருக்கும். கூடப்பிறந்தவர்கள் ஒருவரையொருவர் தாங்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. நீங்கள் இல்லாத காலத்தில் அவனுக்கு அவளும் அவளுக்கு அவனும்தான். ஆனால் கடமைக்கு ஒரு வரிசை உண்டு. பெற்றவர்கள் முதலில். பாடம் நடத்தும் பொறுப்பை ஏற்ற ஆசிரியர்கள் அடுத்து. அக்கா அதற்கும் பிறகு, அவளாக மனம் வந்து செய்கிற அளவுக்கு. உங்கள் வீட்டில் முதல் இரண்டு இடமும் காலியாகக் கிடக்கிறது.

இதனால் மகனுக்காவது நன்மை உண்டா என்றால் அதுவும் இல்லை. அக்கா நிரப்பித் தருவதால் அவன் நோட்டு முழுமையாக இருக்கிறது. நோட்டைப் பார்க்கும் ஆசிரியர் பையனுக்கு எல்லாம் கேட்கிறது என்று நம்பிவிடுகிறார். அவன் வகுப்பில் எதையெல்லாம் தவறவிடுகிறான் என்பது பள்ளியில் யாருக்குமே தெரியாமல் போனதற்கு உங்கள் மகளின் உழைப்பே காரணமாகிவிட்டது. சின்ன வகுப்பில் இது ஓடியது. எட்டாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், ஒவ்வொருவருக்கும் ஒரு குரல், ஒரு வேகம். பக்கம் பக்கமாக நோட்ஸ் சொல்லி எழுத வைப்பார்கள். உதட்டைப் பார்த்துக்கொண்டே குனிந்து எழுதுவது எந்தப் பிள்ளையால் முடியும்? அதிலும் மின்னூட்டம் போன்ற புதுச் சொற்கள். தெரிந்த சொல்லைத்தான் பாதி கேட்டு மீதியை ஊகிக்கலாம். உதட்டை மட்டும் பார்த்தால் ‘பாடு’ம் ‘மாடு’ம் ஒன்றுபோலவே இருக்கும், ‘க’ உதட்டில் தெரியவே தெரியாது. கண்ணாடியின் முன் நின்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.

முதல் பெஞ்சு என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். காதுக் கருவி கண்ணாடி மாதிரி கிடையாது. மாட்டியதும் எல்லாம் தெளிவாகிவிடாது. மின்விசிறியின் இரைச்சலையும் பெஞ்சு இழுக்கும் சத்தத்தையும் ஆசிரியரின் குரலோடு சேர்த்தே அது கூட்டித் தரும். பேசுகிறவர் ஐந்தாறு அடிக்குள் இருந்தால்தான் நன்றாக உதவும். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் முதல் பெஞ்சும் கடைசி பெஞ்சும் ஒன்றுதான். பின்வரிசைப் பையன் பதில் சொல்லும்போது இவனுக்கு அவன் முகமே தெரியாது. இரண்டாவது வரிசையில், ஓரமாக, நன்றாகக் கேட்கும் காது வகுப்பின் பக்கம் இருக்கும்படி, விசிறிக்கும் ஜன்னல் இரைச்சலுக்கும் தள்ளி உட்கார்ந்தால் ஆசிரியரையும் பார்க்கலாம், திரும்பி மற்றவர்களையும் பார்க்கலாம். ஆசிரியர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது, முகம் இருட்டாகிவிடும்.

விசில் விஷயத்தை இந்த வாரமே கவனியுங்கள். காதுக்குள் வைக்கும் அச்சு தளர்ந்தால் பெருக்கிய சத்தம் வெளியே கசிந்து மைக்குக்கே திரும்பும். அதுதான் விசில். வளரும் பிள்ளைக்குக் காதும் வளர்கிறது. அச்சை அவ்வப்போது புதிதாக எடுக்க வேண்டும். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் விசில் வரும். வகுப்பே திரும்பிப் பார்க்கிறது என்ற கூச்சத்தில் அவன் சத்தத்தைக் குறைக்கிறான். குறைத்த நிமிஷத்திலிருந்து பாடம் போச்சு. மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ புதுச்சேரி கோரிமேடு ஜிப்மரிலோ காட்டி, அச்சை மாற்றி, கேட்கும் அளவைக் காட்டும் ஆடியோகிராமும் புதிதாக எடுங்கள். போன வருஷத்துக்கு இந்த வருஷம் கேட்கும் அளவு இறங்கியிருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். ஆசிரியர் சட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்ன மைக்கிலிருந்து குரல் நேரே கருவிக்குப் போகும் வசதியும் உண்டு. அவன் கருவிக்கு அது பொருந்துமா என்று அங்கேயே கேளுங்கள்.

இனி உங்கள் கணவருக்கு. இந்தப் பக்கத்தை அவரிடமே கொடுங்கள். ஐயா, வைகாசியில் பாடலீசுவரர் தேர் வரும்போது கடையைப் பூட்டுகிறீர்கள். சொந்தத்தில் கல்யாணம், கருமாதி என்றால் பூட்டுகிறீர்கள். பெற்ற பிள்ளைக்காக ஒரு முற்பகல் பூட்ட முடியாதா? உங்கள் மகனுக்காக ஆசிரியர்களிடம் பேச ஒரு பள்ளி மாணவி போய்க்கொண்டிருக்கிறாள். அவள் சொன்னால் அவர்கள் தலையைத் தடவி அனுப்புவார்கள். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வந்து எழுத்தில் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்; ஆடியோகிராம் நகலையும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலையும் வையுங்கள்; உங்களுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அவன் பாட ஆசிரியர்கள் எல்லாரையும் ஒரே அறையில் கால் மணி நேரம் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். அங்கே கேட்க வேண்டியது பெரிய சலுகை ஒன்றும் இல்லை. பேசும்போது அவன் பக்கம் முகம் இருக்கட்டும். அன்றைய பாடத் தலைப்பையும் புதுச் சொற்களையும் முதலில் பலகையில் எழுதட்டும். நோட்ஸை வாயால் சொல்வதற்குப் பதில் ஒரு தாளாகக் கொடுக்கட்டும், அல்லது நன்றாக எழுதும் மாணவனின் நோட்டை நகலெடுக்க விடட்டும். வீட்டுப்பாடத்தையும் தேர்வுத் தேதியையும் கட்டாயம் எழுதிப் போடட்டும். வேறு மாணவன் சொன்ன பதிலை ஆசிரியர் ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும். ‘புரிந்ததா’ என்று மட்டும் கேட்கவே வேண்டாம். அவன் தலையாட்டுவான். நாற்பது பேர் நடுவில் ‘கேட்கவில்லை சார்’ என்று எத்தனை தடவை சொல்வான்? ‘இப்போது நடத்தியதை நீ சொல்லு’ என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

கல்வித் துறையின் வட்டார வள மையத்தில், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு உதவும் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் மகனைப் பார்க்க வருவதற்குத் தலைமை ஆசிரியர் மூலம் கேளுங்கள். பள்ளி தயங்கினால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைத் தயவாகச் சொல்லவில்லை, கடமையாகச் சொல்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை அந்தச் சட்டம் கொடுத்திருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு போன்றவற்றுக்குப் பள்ளி மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ்களை இப்போதே சரிபார்த்து வையுங்கள்.

மகள் சென்னைக்குப் போகட்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. தம்பிக்காக நிறுத்தி வைத்த பெண், தம்பியை எத்தனை வருஷம் மனக்கசப்பு இல்லாமல் நேசிப்பாள்? நாளையிலிருந்தே அவள் இடைவேளையில் அவன் வகுப்புக்குப் போகக் கூடாது. முதல் சில வாரம் அவன் நோட்டில் ஓட்டை விழும். விழட்டும், ஆசிரியர்கள் பார்க்கட்டும்.

காது கேளாதோர் பள்ளியைத் தண்டனையாகவோ, தள்ளிவிடும் இடமாகவோ நினைக்காதீர்கள். சைகை மொழியும், தன்னைப் போன்ற நண்பர்களும் கிடைத்து அங்கே மலர்ந்த பிள்ளைகள் உண்டு. ஆனால் அக்கா போய்விடுவாள் என்பதற்காக அவனை அங்கே அனுப்பாதீர்கள். இந்தப் பள்ளியில் செய்ய வேண்டியதைச் செய்ய வைத்து ஒரு பருவம் பாருங்கள். பிறகு அவனிடமே கேளுங்கள். 13 வயதுப் பையனுக்குச் சொல்லத் தெரியும். டிவியை அணைத்துவிட்டு, வெளிச்சத்தில் எதிரே உட்கார்ந்து, நீங்களும் உங்கள் கணவரும் கேளுங்கள். அவன் சொல்வது புரியவில்லை என்றால் மறுபடி சொல்லச் சொல்லுங்கள். மகளைக் கூப்பிடாதீர்கள்.